ஓலைக் கூரைக்கும் காப்புறுதி வேண்டும்: கொழும்பிலிருந்து ஒரு திறந்த மடல்

கலாசார அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்கும், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் தலைவருக்கும்

மதிப்புக்குரியவர்களே,

வடக்கிலும் கிழக்கிலும் நக்கிள்ஸ் மலையை ஒட்டிய சிங்களக் கிராமங்களிலும் இன்னும் மிஞ்சியிருக்கும், ஓலையோ கிடுகோ புல்லோ வேய்ந்த பழைய கட்டடங்களைப் பற்றி இதை எழுதுகிறேன். அவற்றுக்குக் காப்புறுதி கிடைப்பது குதிரைக்கொம்பு. மரபுரிமைச் சட்டத்தின் பார்வையும் அவற்றின் மேல் விழுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நம் அரசாங்கக் கணக்கில் ஓலைக் கூரை என்றால் எப்போதும் வறுமை. குடிசன மதிப்பீட்டில் கிடுகு, பனையோலை, வைக்கோல் எல்லாவற்றையும் ஒரே கூட்டில் போட்டு எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கை குறையக் குறைய அபிவிருத்தி என்று மகிழ்கிறோம். வறுமை குறைவது நல்லதுதான், யார் இல்லை என்றார்? ஆனால் அந்தக் கூட்டுக்குள் மரபும் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது.

கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1905-இல், பழைய கட்டடங்களைக் காப்பாற்றும்படி கண்டியத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அன்றைக்கு அந்தப் பொறுப்பு தலைவர்கள் கையில் இருந்தது. இன்று அது உங்கள் அலுவலகங்களில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்ப வீடு வடமராட்சியில் இருக்கிறது. நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு. பிரதான வீட்டுக்கு எப்போதோ ஓடு போட்டுவிட்டார்கள். பக்கத்தில் தனியாக நிற்கும் மால் என்ற கொட்டகையும் தெருவாசலில் நிற்கும் சங்கடப்படலையும் மட்டும் பூட்டனார் காலம்தொட்டுப் பனையோலைதான். சங்கடப்படலை கண்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன்: படலைக்கு மேல் ஒரு சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கக் குந்து, ஓரத்தில் தண்ணீர்ப் பானை. வெயிலில் நடந்து வருகிற எவரும் வீட்டுக்காரரிடம் கேளாமலே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, களைப்பாறிப் போகலாம். வீட்டுக்குச் சொந்தமான நிலத்தில் ஊருக்கென்று விட்ட இடம் அது. யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்டவை மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன, அவற்றிலும் பல தகரத்துக்கோ ஓட்டுக்கோ மாறிவிட்டன.

இந்த இரண்டு கூரைகளுக்கும் சேர்த்துத் தீக்காப்புறுதி எடுக்கக் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, வேறெங்கு போயிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். படிவத்தில் கூரை என்ற இடத்தில் ஓடு, கொங்கிறீற், அஸ்பெஸ்ரஸ், தகரம் என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் 'வேறு' என்றொரு கட்டம். அதில் பனையோலை என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மிக மரியாதையாகத்தான் பேசினார். "அங்கிள், இந்த ஓலையை எடுத்துப்போட்டுத் தகரம் அடிச்சிட்டு வாங்கோ, உடனே செய்து தரலாம்" என்றார். சரி, கட்டுப்பணத்தைக் கூட்டியாவது தருவீர்களா என்று கேட்டேன். பெறுமதி என்று எதைப் போடுவது, மண்ணும் ஓலையும்தானே என்றார்.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அதிகாரிகளும் நாளை அதையேதான் கேட்பார்கள்.

எங்கள் மாலின் முகட்டு வளையும் கைமரங்களும் வைரம் ஏறிய பனையில் அரிந்தவை. அப்படி முற்றிய பனையை இன்று தேடி வாங்குவது பெரும்பாடு. போரில் தோப்புத் தோப்பாக அழிந்த பிறகு பனை தறிக்கவும் அனுமதி வேண்டும், அது நியாயமும்கூட. மரச்சட்டம் தலைமுறை தலைமுறையாக நிற்கும், மேலே உள்ள ஓலைதான் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். அதை மாற்றுவது சும்மா வேலை இல்லை. பனையில் ஏறி ஓலை வெட்ட ஆள் வேண்டும். வெட்டிய ஓலையை மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கி, பாரம் வைத்து, பதமாக உலரவிட வேண்டும். பிறகு கூரையின் கீழ் விளிம்பான இறப்பில் தொடங்கி முகட்டை நோக்கி வரிசை வரிசையாக வேய்வார்கள். ஒருவர் கூரைக்கு மேல், இன்னொருவர் உள்ளே. மேலே இருப்பவர் குத்தூசியை இறக்க, கீழே இருப்பவர் நாரை வரிச்சுத்தடியைச் சுற்றி எடுத்துத் திருப்பிக் கோத்துவிடுவார். இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஓலை எவ்வளவு நெருக்கமாக விழுகிறது, முகட்டை எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் அந்தக் கூரை மாரியைத் தாங்குமா என்பது இருக்கிறது. ஓலை மலிவாக இருக்கலாம். இந்தக் கைவேலை மலிவில்லை. காப்புறுதியில் பெறுமதி போடுகிறவர்கள் பொருளின் சந்தை விலையை விட்டுவிட்டு, அதே முறையில் திருப்பிக் கட்ட என்ன செலவாகும் என்று பார்த்தால் வேறொரு தொகை வரும்.

ஓலைக் கூரையின் பழமை ஓலையில் இல்லை, திரும்பத் திரும்ப வேய்வதில்தான் இருக்கிறது. நம் சட்டம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1815 மார்ச் 2 ஓர் எல்லைக்கோடு. அதற்குப் பிந்தியதாக இருந்தாலும், நூறு வருடம் தாண்டிய கட்டடத்தை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு. நல்ல ஏற்பாடு. கோட்டைக்கும் கல்லுக் கோயிலுக்கும் அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ஆனால் சுவர் நூறு வருடம், மரச்சட்டம் நூறு வருடம், மேலே கிடக்கும் ஓலை போன வருடத்தது என்றால் அந்தக் கட்டடத்தின் வயது என்ன? தப்பித்தவறிப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தாலும், பழுதுபார்க்கத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்லுக் கட்டடம் அனுமதிக்காகக் காத்திருக்கும். ஓலைக் கூரையை மாரிக்கு முன் வேயாவிட்டால் தண்ணீர் மண்சுவரில் இறங்கும், ஒரே பருவத்தில் சுவர் கரையும். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். ஓட்டு வீடுகள் ஓடு உடைந்தாலும் நின்றன. ஓலை வீடுகள் இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது.

தீ ஆபத்து உண்மையானது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உகண்டாவில் கம்பாலா நகரத்துக் கசூபி அரச கல்லறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். புல் வேய்ந்த அந்தப் பெருமனை 2001-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, 2010 மார்ச்சில் எரிந்து போனது. திருப்பிக் கட்டி, ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலிலிருந்து 2023-இல் வெளியே எடுத்தார்கள். அதற்குப் பணம் உதவியது, ஜப்பான் உதவியது. எல்லாவற்றையும்விட, அந்தக் கூரையை வேயும் உரிமையும் கடமையும் பரம்பரையாகப் பெற்ற ஒரு குலம் அங்கே உயிரோடு இருந்தது. நம்மிடம் நாளை ஒரு மால் எரிந்தால் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தாலும் வேய யாரைக் கூப்பிடுவது? எங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் மேசன் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வருடத்தில் சில நாள் கூலிக்காக யார் ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டிருப்பார்?

ஜப்பான் இந்தப் பாடத்தை நெருப்பிலேயே படித்தது. 1949 ஜனவரியில் ஹோரியூஜி விகாரையின் பழைய சுவரோவியங்கள் தீயில் கருகின, அடுத்த வருடமே கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புல்வேய்ந்த வீடுகளுக்குப் பேர்போன ஷிரகவாகோ கிராமத்தில் வீடுகளைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் பொருத்தி வைத்திருக்கிறார்கள், ஊர் கூடி ஒத்திகை பார்க்கிறது, வேயும் செலவில் அரசும் பங்கு எடுக்கிறது. இங்கிலாந்தில் நாணலும் கோதுமை வைக்கோலும் வேய்ந்த வீடுகள் பல்லாயிரம் உண்டு. அங்கேயும் சாதாரண நிறுவனங்கள் பின்வாங்குவதுண்டு. ஆனால் இப்படிப்பட்ட கூரைகளுக்கென்றே காப்புறுதி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புகைபோக்கியை ஒழுங்காகத் துப்புரவாக்கு, வயரிங்கைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொண்டு வா என்று நிபந்தனை போட்டுப் பொறுப்பேற்கிறார்கள். நம் பழைய வீடுகளில் அடுக்களையைத் தனியாகத் தள்ளிக் கட்டியதும் இதே முன்யோசனைதான்.

தனியார் பின்வாங்கும் இடத்தில் அரசு இறங்குவது நமக்குப் பழக்கமில்லாத விடயமும் அல்ல. கலகம், பயங்கரவாதம் போன்ற ஆபத்துகளைச் சந்தையின் கையில் விட்டுவிட முடியாது என்று கண்டபோது 1980களில் அரசே அதற்கென ஒரு நிதியம் அமைத்தது. 1983-ஐக் கடந்து வந்த கொழும்புத் தமிழருக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. இன்று அதை நடத்துவது 2006-இன் 28-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான உங்கள் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியமே. 2016-இல் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதி என்று ஒரு திட்டம் தொடங்கியபோதும் கட்டுப்பணத்தை அரசே கட்டியது. வழி தெரியும், அனுபவமும் இருக்கிறது. இதற்குத் தேவைப்படும் தொகை அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, ஏனென்றால் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

நான் கேட்பது இதுதான். முதலில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று பிரதேச செயலகங்கள் ஊடாக ஒரு பதிவு எடுங்கள். நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரேயின் இலுக்குப்புல் வீடும் நெற்களஞ்சியமான வீ பிஸ்ஸவும், மட்டக்களப்பின் வைக்கோல் கூரையும், வன்னியில் கிராமத்துத் தெய்வத்துக்குக் கட்டிய ஓலைக் கொட்டிலும், யாழ்ப்பாணத்து மாலும் ஒரே பதிவில் வரட்டும். அப்படிப் பதிந்தவற்றுக்கு நம்பிக்கை நிதியத்தின் கீழ் ஒரு கூட்டுக் காப்புறுதி ஏற்படுத்துங்கள். கட்டுப்பணத்தில் உரிமையாளர் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் போடலாம். வயரிங்கைக் குழாய்க்குள் எடுப்பது, தண்ணீர்த் தாங்கி வைப்பது, அடுப்பைத் தள்ளி வைப்பது என்று நிபந்தனைகளும் போடுங்கள், மனதார ஏற்றுக்கொள்கிறோம். இழப்பு வந்தால் தகரம் அடிக்கக் காசு தராதீர்கள். அதே ஓலையில், அதே மரத்தில் திருப்பிக் கட்டினால் மட்டும் தாருங்கள்.

காப்புறுதியைவிட அவசரமானது வேய்ச்சல் உதவித்தொகை. தீ எப்போதாவது வரும், மழை ஒவ்வொரு வருடமும் வரும். இன்று பழைய கூரைகளை விழுத்துவது பெரும்பாலும் வேய்ச்சல் செலவுதான். அந்தப் பணம் உரிமையாளர் கையில் நின்றுவிடாமல் வேய்கிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவருடன் இரண்டு இளைஞர்கள் வேலை பழகினால் அவர்களுக்கும் நாட்கூலி கொடுங்கள். 1978-இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையைவிட இதை நடத்தப் பொருத்தமான இடம் வடக்கில் எது? தொல்பொருள் திணைக்களத்திடம் இன்னொன்று கேட்கிறேன். பதிந்த கட்டடங்களில் பழைய முறைப்படி மறுபடி வேய்வதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி தேவையில்லை என்று ஒரு நிரந்தர ஒழுங்கு செய்யுங்கள். பொருளை மாற்றினால் மட்டும் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

ஓர் எதிர்க்கேள்வியை நானே எழுப்பிவிடுகிறேன். ஒழுகும் கொட்டிலில் இன்னும் குடும்பங்கள் இருக்கும் நாட்டில் ஓலைக் கூரையைக் காப்பாற்றக் காசு கேட்பது சரியா? அந்தக் குடும்பங்களுக்குக் கல்வீடு வேண்டும், அதுவும் விரைவில் வேண்டும். அவர்களுடைய கஷ்டத்தை மரபு என்று புகழ எவருக்கும் உரிமையில்லை. வீட்டுத்திட்ட நிதியிலிருந்து ஒரு சதமும் இதற்கு வேண்டாம். வடக்கையும் மலைக் கிராமங்களையும் காட்டி வெளிநாட்டுப் பயணிகளை அழைக்கிறோம், கடற்கரை ஹோட்டல்கள் ஓலைக் கூரையின் அழகை விற்கின்றன. அந்தச் சுற்றுலா வருமானத்தில் ஒரு சிறு துளி இந்தக் கூரைகளுக்குத் திரும்பி வருவது நியாயம் என்றே கேட்கிறேன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான கோரிக்கைகளை அமைச்சுகள் திறைசேரிக்கு அனுப்பும்போது, முதல் வருடத்துக்கு ஒரே ஒரு மாவட்டத்துக்காவது இதற்கென ஒரு ஒதுக்கீடு சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கில் மாரி ஐப்பசியில் தொடங்கும், அதற்கு முன்பே கூரைகள் வேய்ந்து முடிய வேண்டும். பதிவு எடுக்கும் வேலைக்கு உதவ ஊர்ச் சங்கங்களும் கொழும்பில் இருக்கும் எங்களைப் போன்றவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். யாரைச் சந்திக்க வேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியில் ஓலை வேய்ந்த சங்கடப்படலை ஒன்றைப் பராமரிக்கும் வெள்ளவத்தைவாசி