இடுப்பு மூட்டு வலியும் வயதும்
ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாற்பதுகளிலேயே இடுப்பு மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்ட என்னைப் போன்றோரிடம், 'இந்த வயதில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையா, இன்னும் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றே பலரும் சொல்கிறார்கள். குனிந்து காலுறை அணிய முடியாமலும், புரண்டு படுக்கும்போதெல்லாம் தொடை இடுக்கில் தைக்கும் வலியால் விழித்துக்கொண்டும் கழிக்க வேண்டிய ஆண்டுகள் அவை. இளையவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மையே. ஆயினும் இன்றைய செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல் (இதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்வதில்லை) ஆகியவற்றை முதலில் முயல்வது சரியே. அவை பலனளிக்காதபோது, பிறந்த ஆண்டைப் பார்க்காமல், நோயாளியின் நடையையும் உறக்கத்தையும் கேட்டறிந்து மருத்துவர்கள் முடிவெடுக்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர்