நிற்கிற மூன்று செக்கன்

அன்புள்ள மகளுக்கு,

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் வோல்ஐ மீனுக்குச் சீசன் திறக்கிறது. அன்று வேலைத்தலத் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாய். அவர்கள் இதுவரை தூண்டில் தொட்டதில்லை என்றும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். வடிவாக ஒருதரம் வாசித்துப்போட்டு, போகும்போது பையில் வைத்துக்கொள்.

பீற்றபரோ ஆட்கள் இந்த மீனைப் பிக்கரல் என்பார்கள். குழம்பிவிடாதே, இரண்டும் ஒன்றுதான். வாலின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், கண் கண்ணாடிபோல மங்கலாக மினுங்கும். அந்தக் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மற்ற மீன்கள் தடுமாறுகிற மங்கல் வெளிச்சத்திலும் இதற்குப் பார்வை தெளிவு. செக்கல் பொழுதில் இது கரைக்கு வருவதற்குக் காரணம் அதுதான்.

பனிக்கட்டி உருகியதும், தண்ணீரின் சூடு 5 பாகைக்கும் 10 பாகைக்கும் (செல்சியஸ்) இடையில் வரும்போது, ஓட்டமுள்ள சரளைக்கல் தரையில் இது சினைவிடும். சீசன் திறக்கும்போது பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும். ஆண்மீன்கள் அந்த இடங்களைச் சுற்றிக் கொஞ்சநாள் நிற்கும். பெண்மீன்கள் களைத்துப்போய் பக்கத்து ஆழங்களுக்கும் புதிதாக முளைக்கிற சாதாழைப் பற்றைகளுக்கும் ஒதுங்கும். இரண்டுக்கும் பசி இருக்கும். ஆனால் தண்ணீர் குளிர்ந்திருப்பதால் உடம்பு மந்தம். ஓடுகிற இரையைத் துரத்தாது, பின்னால் வந்து பார்க்கும். இரை நின்றால் கவ்வும். இனி நான் எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு நிற்றலைச் சரியாக அமைப்பதற்குத்தான்.

அதற்கு நீங்கள் எறியப்போவது ஸ்ரிக்பெயிற். அது முரல் மீன்போல மெலிந்து நீண்ட, மூக்கில் சிறு பிளாஸ்ரிக் நாக்கு வைத்த பொய்மீன். பின்லாந்தில் லவுரி ரப்பாலா 1936இல் தக்கையில் செதுக்கிய மீன் இந்த வகையைச் சேர்ந்ததுதான். கூட்டத்தில் காயப்பட்டுத் தள்ளாடும் ஒரு குஞ்சைத்தான் பெரிய மீன் தெரிந்தெடுத்துப் பிடிக்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். இன்று இதில் இரண்டு வகை உண்டு. பல்சா மரத்தில் செய்தது நிறுத்தினால் மேலே மிதந்து வரும். ஹஸ்கி ஜேர்க், எக்ஸ்-ராப், ரோக் போன்றவை நிறுத்தின இடத்திலேயே தண்ணீருக்குள் தொங்கி நிற்கும். மே மாதத்துக்கு உனக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. 10 அல்லது 12 சென்ரிமீற்றர் நீளம், 1 தொடக்கம் 2 மீற்றர் ஆழம் ஓடுவது. நிறத்தில் மினக்கெடாதே. வெள்ளி நிறத்தில் ஒன்று, மஞ்சள் பேர்ச் மீனின் கோலத்தில் ஒன்று, கலங்கல் தண்ணீருக்கும் இருட்டுக்கும் பொன்னும் செம்மஞ்சளும் கலந்த ஒன்று. மூன்று பேருக்கும் இந்த மூன்று நிறமும் தாராளம்.

கடையில் "தொங்கி நிற்கும்" என்று எழுதியிருந்தாலும் அதை அப்படியே நம்பிக் கட்டாதே. குளிர்ந்த தண்ணீர் கனம் கூடியது. அறைச் சூட்டில் அசையாமல் நின்ற அதே பொய்மீன் 10 பாகைத் தண்ணீரில் மெல்ல மெல்ல மேலே ஏறும். உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் போட்டு, தெர்மோமீற்றர் 10 காட்டும்வரை கலக்கு. ஸ்னாப்பையும் (பொய்மீனை மாட்டுகிற சின்னக் கொக்கி) அரை மீற்றர் லீடரையும் (நூலின் நுனியில் கட்டுகிற தனி நூல்) பூட்டியபடியே பொய்மீனை உள்ளே அமுக்கிவிட்டுக் கையை எடு. பத்துச் செக்கனில் ஒரு சாண் ஏறினால் பரவாயில்லை. தக்கைபோலப் பாய்ந்து ஏறினால், முன் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை ஐந்து சுற்றுச் சுற்றி மறுபடி பார். போதாவிட்டால் இன்னும் இரண்டு சுற்று. மூக்குச் சற்றுக் கீழே சரிந்து, மிக மெதுவாக ஏறுவதுதான் சரியான நிலை. கீழே தாழ்ந்தால் ஒரு சுற்றைக் கழற்று, இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கல்லிலோ சாதாழையிலோ போய் உட்காரும். சுற்றை முன் முள்ளில் மட்டும் போடு. பின் முள்ளில் போட்டால் வால் தொங்கி, நாக்குத் தண்ணீரைப் பிடிக்காது.

றொட், அதாவது தூண்டில் தடி, இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூட, நடுத்தரப் பலம், நுனி மட்டும் வளைகிறது. ரீல் 2500 அளவு. 10 இறாத்தல் பிரெயிட் (பின்னல்) நூல் சுற்றி, அதன் நுனியில் 8 அல்லது 10 இறாத்தல் புளோரோகாபன் லீடரை ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரட்டை யூனி முடிச்சால் கட்டு. பழகாத இரண்டு பேருக்கும் பிரெயிட் வேண்டாம், 8 இறாத்தல் தங்கூசியே போதும். அது கொஞ்சம் இழுபடும் என்பதால், பதறி இழுத்தாலும் முள்ளு வாயைக் கிழிக்காது. பொய்மீனை நூலில் இறுக்கி முடியாதே. வட்ட மூக்குள்ள சின்ன ஸ்னாப் போடு, அல்லது தடம்போல விரிந்து நிற்கும் முடிச்சுப் போடு. சுழலியோடு வருகிற ஸ்னாப் ஆகாது. அந்தச் சின்ன இரும்பின் பாரமே மூக்கை அமுக்கி, நீ தொட்டியில் பார்த்த சமநிலையைக் குழப்பிவிடும்.

கட்டியதும் கரையோரம் இரண்டு மீற்றர் இழுத்துப் பார். நேராக வரவேண்டும். ஒருபக்கம் சாய்ந்து ஓடினால், மூக்கு உன்னைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் ஓடியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரிழை அளவு வளை. திரும்ப இழுத்துப் பார். ஒரேயடியாக வளைத்தால் வளையம் ஆட்டங்கண்டுவிடும்.

இனி இழுக்கிற முறை. இதைத் தோழிகளுக்கு நீயே ஒருதரம் செய்து காட்டு, சொல்லி விளங்காது. எறிந்து, பொய்மீன் தண்ணீரில் விழுமுன் ரீலின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டு நூலை நிறுத்து. அப்போது பொய்மீன் நேராகித் தலை முன்னே விழும். தொடாவிட்டால் உருண்டு விழுந்து, முள்ளு நூலில் மாட்டி, இழுத்து முடியும்வரை வீண். ரீல் கம்பியைக் கையால் மூடு. ஐந்தாறு சுற்று வேகமாகச் சுற்றி அதன் ஆழத்துக்கு இறக்கு. பிறகு றொட் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, மணிக்கட்டால் இரண்டு வெட்டு. ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண், அதற்குமேல் வேண்டாம். வெட்டிய உடனே நுனியைப் பொய்மீன் பக்கம் திருப்பி விடு. நூல் தளர்ந்து வில்லாகத் தொங்கவேண்டும். இறுகின நூலோடு நிறுத்தினால் பொய்மீன் உன்னை நோக்கி இழுபட்டே வரும். தளர்ந்த நூலில்தான் அது பக்கம் திரும்பி, வயிற்றைக் காட்டி, வழுக்கிப்போய் நிற்கும்.

நின்றதும் எண்ணு. தண்ணீர் 8 பாகைக்குக் கீழ் என்றால் ஆறு தொடக்கம் பத்து. 10 பாகை என்றால் மூன்று, நான்கு. 14ஐத் தாண்டினால் ஒன்று, இரண்டு போதும். சீசன் திறக்கும் கிழமையில் பெரும்பாலும் நடுக்கணக்குத்தான் வரும், ஆனால் தெர்மோமீற்றரைக் கேட்டுத்தான் எண்ணவேண்டும். வாய்விட்டு எண்ணச் சொல். மனதுக்குள் எண்ணினால் பழகாதவர்களுடைய மூன்று செக்கன் ஒரு செக்கனில் முடிந்துவிடும். மீன் வராமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

கொத்து "டக்" என்று வரும் என்று காத்திருக்காதே. தளர்ந்த நூல் ஒரு விரற்கடை நகரும், அல்லது அடுத்த வெட்டு ஈரச்சாக்கைத் தூக்குவதுபோலக் கனக்கும். அவ்வளவுதான். உடனே றொட்டைப் பக்கமாக நீட்டி வாரியெடு. வானத்தை நோக்கி ஓங்கி அடிக்காதே. மூன்று முனை முட்கள் சிறியவை, ஓங்கினால் கழன்றுவிடும். ரீலின் இறுக்கம் கையால் நூலை இழுத்தால் வழுக்கி வருகிற அளவுக்கு இருக்கட்டும்.

பிரெயிட் பிடிக்கிற உனக்கு மட்டும் ஒன்று. தளர்ந்த நூலைச் சுற்றும்போது அது ரீலில் லூசாகப் படியும். பத்து எறிவுக்குப் பிறகு ஒரு குடுமியாகக் கிளம்பி வளையத்தில் சிக்கும். நீளமாக எறிந்த பின் முதல் சில சுற்றுகளுக்கு நூலை இரண்டு விரலால் பிடித்து இறுக்கிச் சுற்று, அந்தத் தொல்லை வராது.

இடத்துக்கு வருகிறேன். பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ் ஊர்களில் ஓட்டம் விழுகிற இடங்களைச் சுற்றித்தான் இவை சினைவிடுகின்றன. அதனால் எல்லோரும் அங்கே நெரிபடுவார்கள். அப்படியான இடங்களில் மீன் சரணாலய எல்லைகளும் இருக்கும். பலகையையும் மாகாணத்து மீன்பிடிக் கையேட்டையும் பாராமல் நூல் போடாதே. ட்ரென்ற்-செவேர்ன் வாய்க்காலில் லொக்குக்கும் (படகை ஏற்றி இறக்குகிற கதவுத் தொட்டி) அதன் அணுகு மேடைக்கும் 10 மீற்றருக்குள்ளும், படகு போகும் வாய்க்காலுக்கு மேலான பாலத்திலிருந்தும் பிடிக்கத் தடை. எனக்குக் கேட்டால், அந்த நெரிசலை விட்டு ஓட்டம் ஏரிக்குள் பரந்து தணிகிற இடத்துக்குப் போ. பிஜன் ஏரியும் பக்ஹோன் ஏரியும் சந்திக்கிற கானன் நரோஸ் போன்ற ஒடுக்கங்களின் ஓரமும் நல்லது. களைத்த மீன் பலத்த ஓட்டத்தில் நிற்காது, ஓட்டத்துக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட கோட்டில்தான் நிற்கும். ஓட்டத்தின் குறுக்கே எறிந்து, பொய்மீன் அந்தக் கோட்டுக்கு வரும்போது நிறுத்து.

ஓட்டமில்லாத கரை என்றால் காற்றைக் கேள். இரண்டு நாள் தென்மேற்குக் காற்று வீசியிருந்தால் மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீர் வடகிழக்குக் கரையில் குவியும். அந்தக் கரையில் ஒரு பாகை கூடுதலாக இருந்தாலே குஞ்சுமீன்கள் அங்கே வரும், பின்னால் வோல்ஐ வரும். அலை அடிக்கிறது என்று தோழிகள் அமைதியான பக்கம் போகக் கேட்பார்கள். போகாதே. அலை வெளிச்சத்தை உடைக்கும், மீன் பகலிலும் கரையை ஒட்டும். ஆழம் தேடாதே, 1 தொடக்கம் 3 மீற்றர் போதும். கவார்த்தா ஏரிகளில் சாதாழை கெதியாக முளைக்கும், அதன் நுனிக்கு மேலே அரை மீற்றர் இடைவெளியில் பொய்மீன் ஓடவேண்டும். ஒவ்வொரு எறிவிலும் பச்சை மாட்டி வந்தால் ஆழம் கூடிவிட்டது என்று அர்த்தம். றொட் நுனியை உயர்த்து, அல்லது ஆழம் குறைந்ததை மாட்டு. முள்ளில் ஒரு இழை சாதாழை இருந்தாலும் அந்த எறிவைக் கணக்கில் எடுக்காதே.

நேரம், சூரியன் விழ ஒரு மணித்தியாலம் முன்பு தொடங்கி, விழுந்து இரண்டு மணித்தியாலம் வரை. இருட்டிய பிறகு வெட்டை விட்டுவிடு. நுனியில் பொய்மீனின் நெளிவு மட்டும் தெரிகிற அளவுக்கு, ஒரே சீராக, மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே வா. கரைக்குக் கிட்ட வந்ததும் எடுத்துவிடாமல் இரண்டு செக்கன் நிறுத்து. காலடிவரை பின்தொடர்ந்து வந்து கவ்வுகிற மீன் உண்டு. தலை விளக்கைத் தண்ணீரில் அடிக்காதே, திரும்பி நின்று முடிச்சுப் போடு.

மீனை எடுக்க றப்பர் பூசிய அத்தாங்கு வேண்டும். நூல் வலையில் மூன்று முட்களும் பின்னிக்கொள்ளும். செவுளுக்குள் விரல் விடாதே, செவுள் மூடியும் முதுகு முள்ளும் வெட்டும். கையை நனைத்து முதுகுப்பக்கத்தால் பிடித்து, நீள மூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்று. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற தாடையை வீட்டிலேயே நசுக்கிவிட்டுப் போனால், மீனுக்கும் நல்லது, தோழியின் விரலில் ஏறினாலும் உடனே கழற்றலாம். மூன்று பேருக்கும் இடையில் இரண்டு றொட் நீளம் இடைவெளி, மூன்று பேருக்கும் கண்ணாடி.

மாகாணம் பிரித்த மீன்பிடி வலயங்களில் உங்களுடைய வலயம் 17இல் வைத்துக்கொள்ளக்கூடிய வோல்ஐ 35 தொடக்கம் 50 சென்ரிமீற்றர் வரைதான். வாயை மூடி, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்து நெருக்கி அள. 51 என்றால் அது பெரும்பாலும் சினைத் தாய், உடனே விடு. எண்ணிக்கை ஒவ்வொருவரின் லைசன்ஸ் வகையைப் பொறுத்தது, போகுமுன் அந்த வருஷத்துக் கையேட்டைப் பார். பாஸ், மஸ்கி மீன்களுக்கு அப்போது சீசன் பூட்டு. மாட்டினால் படம் எடுக்கவும் மினக்கெடாமல் தண்ணீரிலேயே விடு.

கடைசியாக, வழுக்குக் கல்லில் நிற்பதென்றால் மூன்று பேரும் மிதவைச் சட்டை போடுங்கள். 10 பாகைத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிஷத்திலேயே மூச்சுத் திணறும், நீந்தத் தெரிந்தவருக்கும் அப்படித்தான். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகு, அந்தப் பக்கத்துப் புல்லில் உண்ணி இருக்கிறது.

பார்சலில் பொய்மீன் ஆறு வரும். முட்களை றப்பர் பட்டியால் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கவனம். சிவப்பு நூல் கட்டிய மூன்றும் 10 பாகைக்கு நிறை பார்த்தவை, அப்படியே கட்டலாம். மற்ற மூன்றுக்கும் ஈயக்கம்பி சின்னப் பையில் இருக்கிறது, நீயே சுற்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் கரையில் தண்ணீரின் சூட்டையும் காற்றுத் திசையையும் பார்த்து எனக்கு எழுது. எத்தனை வரை எண்ணுவது, எந்தக் கரைக்குப் போவது என்று பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா