வன்னிக்கு ஒரு விஞ்ஞானப் பள்ளிக்கூடம் தாருங்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை தொடங்கிய கையோடு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலாள் இன்றுவரை வரவில்லை. இடமாற்றக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறது, அதனால் விவரம் எழுதத் தேவையில்லை. அந்த ஆசிரியரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கஷ்டப் பிரதேசத்தில் செய்ய வேண்டிய காலத்தைச் செய்து முடித்தார். வயதான தாய் தகப்பன் ஊரில் தனியே இருக்கிறார்கள். போகத்தான் வேண்டும். அவர் போனால் அந்த வகுப்புக்கு வேறு ஆள் இல்லை என்று தெரிந்தும், உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது, அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுந்ததே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சேவையில் இருந்தபோது இப்படி வெளியில் எழுத முடியாது. இப்போது எழுதலாம்.

கேட்பது ஒன்றுதான். வன்னிக்கு, விடுதியோடு கூடிய ஒரு விஞ்ஞான உயர்தரப் பள்ளிக்கூடம் வேண்டும். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் என்று நான்கு பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர்களும், பூட்டில்லாத ஆய்வுகூடமும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' எடுத்தவள். தகப்பன் இல்லை. தாய் தையல் மெசினோடு மல்லுக்கட்டி வளர்த்தார். பொறியியல் படிக்க வேண்டும் என்று எட்டாம் தரத்திலேயே என்னிடம் சொன்னவள். கிட்ட இருக்கும் பள்ளிக்கூடத்தில் கணிதப்பிரிவு இல்லை. அது இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். பிடித்தாள். அங்கே இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருந்தார், இரசாயனவியலுக்கு வாரத்தில் சில நாள் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்துபோனார், பௌதிகவியலுக்கு நான் மேலே சொன்னவர். அது போதாது என்று வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவாள். சின்னம்மா வீட்டில் தங்கி, சனியும் ஞாயிறும் ரியூசன். ஞாயிறு இரவு ஊருக்கு வந்து, திங்கட்கிழமை வகுப்பில் மேசையில் தலை சாய்ப்பாள். பஸ் காசுக்கும் ரியூசன் காசுக்கும் தாயின் சங்கிலி முதலில் போனது, பிறகு தோடு.

ரியூசனில் மண்டபம் நிறையப் பிள்ளைகள். ஆசிரியர் ஒலிவாங்கியில் படிப்பிப்பார். பரிசோதனை என்றால் கரும்பலகையில் படம், பக்கத்தில் வாசிப்புகள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒருநாள் என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர், இந்தப் பூச்சிய வழுவை எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது?" என்று கேட்டாள். மெல்லிய கம்பியின் தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி ஒன்றைக் கையில் கொடுத்து ஒருதரம் திருகச் சொன்னால் தானாக விளங்கிவிடும் விஷயம். அவள் அந்தக் கருவியைத் தொட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அலுமாரியில், பெட்டியோடு. திறந்து கொடுக்கவும் பொறுப்பேற்கவும் ஆள் இல்லை.

இப்போது பௌதிகவியல் ஆசிரியரும் போய்விட்டார். தாயிடம் அடகு வைக்கவும் ஒன்றும் இல்லை. போன மாதம் அவள் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள்.

கலைப்பிரிவை நான் குறைத்துப் பேசவில்லை. தமிழையும் வரலாற்றையும் விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. இவள் அதை விரும்பவில்லை, வேறு கதவு இல்லாததால் போனாள். இப்படி வன்னியில் எத்தனை பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் போகிறார்கள் என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பட்டம் முடித்து, கச்சேரி (மாவட்டச் செயலக) வாசல்களில் வேலை கேட்டு நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் பதினாறு வயதில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சை கிடையாது. அதனால் ஆய்வுகூடத்தைத் திறக்காமலே இரண்டு வருடத்தை ஓட்டிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பௌதிகவியல் அமைப்புக் கட்டுரையில் பரிசோதனையை வைத்துத்தான் கேள்வி வருகிறது. எந்தக் கருவி, எந்த அளவீடு, வழு எங்கே வரும் என்று கேட்கிறார்கள். கொழும்பில் அதைச் செய்து பார்த்த பிள்ளையும் இங்கே படத்தில் மட்டும் பார்த்த பிள்ளையும் ஒரே தாளுக்கு விடை எழுதுகிறார்கள். இதைச் சம வாய்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்வீர்கள். அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் பின்தங்கிய பட்டியலில் உண்டு. அந்த ஒதுக்கீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அது பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்குத்தான் கை கொடுக்கும். கணிதப்பிரிவில் உட்காரவே முடியாமல் போன பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

சிறப்புப் பள்ளிக்கூடம் என்பது பணக்கார நகரங்களின் ஆடம்பரம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ரஷ்யாவின் பெரிய கணித மேதை கொல்மொகொரோவ் 1963 இல் மொஸ்கோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிவைத்த உறைவிடப் பள்ளி, தலைநகரத்துப் பிள்ளைகளுக்காக உருவானதல்ல. தூர மாகாணங்களில், நல்ல ஆசிரியர் கிடைக்காத சிற்றூர்களில் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டி வருவதற்காக உருவானது. உலகமே அறிந்த அந்த மனிதர் அங்கே தானே வகுப்பெடுத்தார். அதே ஆண்டில் சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க்கிலும் ஒன்று திறந்தார்கள். அங்கே பக்கத்து ஆய்வு நிறுவனங்களின் விஞ்ஞானிகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள்.

பிலிப்பைன்ஸ் எங்களைப் போன்ற நாடுதான். அங்கே 1964 இல் மணிலாப் பக்கத்தில் ஒரு அரச விஞ்ஞான உயர்பள்ளி தொடங்கியது. படிப்பு இலவசம், வீட்டு வருமானத்தைப் பார்த்து மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. பதிலுக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமோ தொழில்நுட்பமோதான் படிப்பேன் என்று பிள்ளை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைநகரத்தில் ஒன்று இருந்தால் தூரத்துப் பிள்ளை வரமுடியாது என்று உணர்ந்து, பிறகு மாகாணங்களிலும் வளாகங்கள் திறந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையின் தொழிலை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை அந்த நாடு சட்டத்தில் எழுதியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நியூயோர்க்கின் பிரொங்ஸ் விஞ்ஞான உயர்பள்ளியில் ஒன்றாகப் படித்து 1950 இல் வெளியேறியவர்கள் ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பேர்க்கும். 1979 இல் இருவரும் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மூன்றாவதாக அதைப் பகிர்ந்தவர் அப்துஸ் சலாம், பாகிஸ்தானின் ஜாங் என்ற சிறிய ஊர்க்காரர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு நாட்டுக்குத் திரும்பி வந்தவருக்கு, தன் ஆய்வைப் பற்றிப் பேசக்கூட ஆள் இல்லை. சில ஆண்டுகளில் மறுபடி வெளிநாடு போனார். அந்தத் தனிமை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் 1964 இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், ஏழை நாடுகளின் விஞ்ஞானிகள் வந்து போக ஒரு பௌதிகவியல் நிலையத்தை உருவாக்கினார். கெட்டிக்காரப் பிள்ளை எந்த ஊரிலும் பிறக்கும். பக்கத்தில் அதே கேள்வியைக் கேட்கும் இன்னொரு பிள்ளை இருக்க வேண்டும், விடை தெரிந்த ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் இல்லை.

உங்களில் படித்தவர்கள் வேறு ஒரு ஆய்வைக் காட்டக்கூடும். பொஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் இப்படியான தேர்வுப் பள்ளிகளில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பரீட்சைப் புள்ளிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அது சொல்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே இடம் தவறிய பிள்ளை போன அடுத்த பள்ளியிலும் பௌதிகவியல் ஆசிரியர் இருந்தார். இங்கே தவறிய பிள்ளைக்கு அடுத்த பள்ளி எது?

கிராமப் பள்ளிக்கூடங்களின் நல்ல பிள்ளைகளை இது உறிஞ்சிவிடும் என்ற பேச்சும் இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிந்த அடுத்த மாதமே வசதியுள்ள பெற்றோர் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியா நகரத்துக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்விடுகிறார்கள். மிஞ்சி இருப்பது காசில்லாத வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறேன். விடுதி போட்டு ஏழைப் பிள்ளையைப் படிப்பிப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் அதைத்தான் செய்தன. அந்த வழியில் வந்தவர்கள் உங்கள் அலுவலகங்களிலும் இருந்திருப்பார்கள்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடத்துக்குரிய 1ஏபி என்ற தரம் பதிவேட்டில் இருக்கிறது, அந்தத் தரத்துக்குரிய ஆசிரியர்கள் வகுப்பில் இல்லை. அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று ஒரு திட்டம் வந்தது, கட்டடம் வந்தது, நிறம் அடித்தார்கள், நாடா வெட்டினார்கள். படிப்பிக்க ஆளைத்தான் அனுப்பவில்லை. 2009 ஆகஸ்ட்டில் எங்கள் பிள்ளைகள் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அப்போது ஆய்வுகூடம் இல்லை என்றால் யாரைக் கேட்பது? இப்போது யுத்தம் இல்லை. ரோட்டு இருக்கிறது, ரயில் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள், நன்றாகத்தான் பார்க்கிறார்கள், காலம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். குளங்களுக்கு வரும் பொறியியலாளரும் அப்படித்தான். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் குடும்பங்கள் அழிகின்றன. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த ஊரிலேயே வளர்ந்தால் அது அங்கேயே நிற்கும். அதற்கும் இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைத் திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். வன்னிக்கு விடுதியோடு ஒரு விஞ்ஞான உயர்தரப் பள்ளிக்கூடம் தாருங்கள். இடம் மாங்குளமாக இருக்கட்டும். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சேரும் இடம், ரயில் நிற்கும் இடம். துணுக்காய், மல்லாவிப் பிள்ளைகள் மேற்கே இருந்து நேரே வரலாம். மன்னார்ப் பிள்ளை வெள்ளாங்குளத்தால் வரலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. நொவோசிபிர்ஸ்க்கில் செய்ததைப் போல, சனிக்கிழமைகளில் அவர்களின் விரிவுரையாளர்கள் வந்து பரிசோதனை வகுப்பு எடுக்க ஒரு ஒழுங்கு செய்யலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

புதுக் கட்டடத்துக்குக் காசு இல்லை என்றால் கட்டடம் பிறகு பார்ப்போம். இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தையே எடுத்து, நான்கு பாடத்துக்கும் ஆட்களைப் போட்டு, விடுதியைத் திருத்தித் தொடங்குங்கள். வரும் ஆசிரியருக்குத் தங்க ஒரு நல்ல வீடு கொடுங்கள். அறைக்கு அலைய விட்டால் யார் நிற்பார்கள்? அது நடக்கும் வரைக்கும், உயர்தர விஞ்ஞான ஆசிரியர் எவரையும் பதிலாள் வந்து வகுப்பை ஏற்கும் முன் விடுவிக்காதீர்கள். இதற்குப் பணம் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் சிலர் இருக்கிறோம். ஆய்வுகூடச் சாவியைத் தந்து, பொறுப்பை எழுத்தில் தந்தால், சம்பளம் இல்லாமல் வந்து திறந்து வைத்திருக்கத் தயார். இதற்கு அனுமதி உண்டா இல்லையா என்பதையாவது இந்தத் தவணை முடிவதற்குள் அதிபருக்கு எழுத்தில் அறிவித்து உதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்