தோவாளையைத் தாண்டிப் போய்த் திரும்பி வராதே

மக்களே,

நீ அனுப்பின டிக்கெட் விவரத்தை அண்ணன் படித்துக் காட்டினான். நியூசிலாந்து ஆக்லாந்தில் ஏறி கத்தார் நாட்டு தோஹா, அங்கே இறங்கி வேறு விமானத்தில் திருவனந்தபுரம். விலை குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டுமா?

அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணன் மகனுடைய பள்ளிக்கூட உலக உருண்டையில், பிச்சிப்பூ கட்டுகிற நூலை எடுத்து ஆக்லாந்தில் ஒரு நுனி, தோஹாவில் ஒரு நுனி என்று விறைப்பாகப் பிடித்தேன். நூல் எங்கே போகிறது தெரியுமா? ஆஸ்திரேலியாவைக் குறுக்கே வெட்டி, கடலைத் தாண்டி, நேராக நம்ம தோவாளை மேலேயே! அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை பார்த்தார். தோவாளையில் இறங்க வேண்டியவள் பஸ்ஸில் தூங்கித் திருநெல்வேலி போய் இறங்கின கதைதான் இது. அண்ணன் கணக்குப் போட்டான்: ஆக்லாந்து-தோஹா 14,500 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். அப்புறம் வந்த வழியிலேயே 3,200 கிலோமீட்டர் திரும்பி வரணும். சிங்கப்பூர் வழியாக என்றால் எல்லாம் சேர்த்தே 11,500தான், நேர்கோட்டை விட இருநூற்றுச் சொச்சம் கூட, அவ்வளவே. பறக்கிற நேரமும் பதினைந்து மணி போலத்தான்.

போகும்போது சீக்கிரம் போய்விட்டேன், வரும்போது ஏன் இழுக்கிறது என்று போன தடவை கேட்டாயே. அந்தப் பக்கம் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்குமாம். ஆடி மாதம் அப்பா ஆரல்வாய்மொழியிலிருந்து சைக்கிளில் திரும்பி வரும்போது பெடலை மிதித்தும் நகராமல் நிற்பாரே, அதே எதிர்காற்றுதான்.

இன்னொன்று. ஐப்பசியில் வருகிறாய், பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு என்றைக்கு என்று பார்த்துக்கொள். அன்று சாமி நீராட சங்குமுகம் கடற்கரைக்குத் திருவனந்தபுரம் விமான ஓடுதளத்தைக் கடந்துதான் போவார், அன்று சாயங்காலம் நாலைந்து மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது.

இறங்கின பிறகுதான் நிஜப் பயணம், அது உனக்கே தெரியும். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று 80 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். நீ சிங்கப்பூரிலிருந்து வருவதே நாலு மணி நேரம்தான்! போன தடவை வாடகைக் கார்க்காரர் வழியில் சாயா குடிக்க நிறுத்தியே அரை மணியைத் தின்றார். இந்த முறை அண்ணன் வண்டி எடுத்து வருவான்.

கூடுகிற பணத்தை நான் தருகிறேன், பூ கட்டிச் சேர்த்தது இருக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே. சிங்கப்பூர் டிக்கெட்டையே போடு. நேரத்தை இந்திய மணியில் எழுது, உன் மாலை ஆறு இங்கே காலை பத்தரை, அப்பா அதைக் குழப்பி முந்தின நாளே கிளம்பச் சொல்வார்.

அம்மா