நாப்டேல் பக்கம் விடுமுறை வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லாக்கில்ப்ஹெட், கிரினன், டேவாலிக் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு விடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். விஷயம், வீட்டு மேசையில் விருந்தாளிகளுக்காக நீங்கள் வைக்கும் அந்தக் கோப்பு. வைஃபை கடவுச்சொல், எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டி, விறகடுப்பை எப்படி மூட்டுவது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பக்கம் வரும். திருப்பினால் கிளென்கோ, லாக் நெஸ், எடின்பரோ! கிளென்கோவுக்குப் போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். லாக் நெஸ் போய்த் திரும்பினால் பகல் முழுக்கக் காரில்தான். ஒரு வாரம் தங்க வந்தவர்களை ஏன் இப்படித் துரத்துகிறீர்கள்?

உங்கள் பக்கத்துக் காட்டிலேயே பீவர் இருக்கிறது, மரத்தைக் கடித்துச் சாய்த்து நீரில் அணை கட்டும் கொறிவிலங்கு. ஸ்காட்லாந்தில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வேட்டையாடியே தீர்த்துவிட்ட விலங்கு அது. 2009இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து நாப்டேல் ஏரிகளில்தான் விட்டார்கள். ஐந்தாண்டு சோதனை நடந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று 2016இல் அரசு சொன்னது, 2019 மே மாதம் சட்டப் பாதுகாப்பும் வந்தது. பார்ன்லுவாஸ்கனில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் டூ லாக் என்ற ஏரி வரும். சின்னக் குட்டையாக இருந்ததை அவை அணை கட்டிப் பரந்த நீர்நிலையாக்கிவிட்டன. நீர் சூழ்ந்த மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. முதல் தடவை பார்ப்பவர் காடு பாழாகிவிட்டது என்றுதான் நினைப்பார். தும்பிக்கும் தவளைக்கும் அந்தத் தேங்கிய நீர்தான் வீடு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பீவர் மீனைத் தொடாது, மரப்பட்டையும் இலைதழையும்தான் தின்னும் என்று இன்னொரு வரி.

'பீவர் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதினால் போதாது. விருந்தாளி காலை பதினொரு மணிக்குப் போய், கடித்துப்போட்ட அடிமரங்களைப் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அது அந்தியிலும் விடியலிலும் நடமாடும் பிராணி. ஜூனில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது. ஆகவே சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு, நாயை வீட்டில் விட்டுவிட்டு, கரையில் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். அப்படியும் கண்ணில் படாமல் போகலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சியைப் பற்றி ஏன் எல்லோரும் மூச்சு விடுவதில்லை? பீவர் வெளியே வரும் அதே காற்றில்லாத, ஈரமான அந்திதான் மிட்ஜுக்கும் உகந்த நேரம். கடுகில் பாதிகூட இருக்காது, ஆனால் கூட்டமாக வந்து கடிக்க ஆரம்பித்தால் பெரியவர்களே ஓட்டமெடுப்பார்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இதே கதைதான். ஓரளவு காற்று அடித்தாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும். அதனால் காற்றே இல்லாத மாலைகளில் ஏரிக்குப் பதில் கிரினன் கடற்கரைக்கு அனுப்பலாமே. முகத்தை மூடும் வலைத்தொப்பி நாலைந்து வாங்கிக் கதவோரம் மாட்டிவையுங்கள். கூடவே உண்ணி எடுக்கும் கொக்கியும். உண்ணிக் கடியால் லைம் நோய் வரக்கூடும். இது பயமுறுத்தல் இல்லை, புதர்ப் பக்கம் நடந்துவிட்டு வந்தால் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான்.

வயதானவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் வந்தால் கிரினன் கால்வாய்க் கரை. கின்டைர் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போகும் அலைச்சலைத் தவிர்க்க வெட்டி, 1801இல் திறந்த கால்வாய். சுமார் 14 கிலோமீட்டரில், படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் 15 மதகுகள். குதிரைகள் படகிழுத்த பாதை சமதளமாக இருப்பதால் யாருக்கும் சிரமமில்லை. கோடையில் பாய்மரப் படகுகள் மதகில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

கால்வாயின் ஒரு பக்கம் மோயின் வோர் என்ற பெரும் சதுப்பு. பாசி மட்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த நிலம். பூனைப்பருந்து தாழப் பறக்கும், விராலடிப்பானும் வரும். அதை மேலிருந்து பார்க்க டுனாட் குன்று இருக்கிறது. ஏற அரைமணிகூட ஆகாது. டால் ரியாடா என்ற பழங்கால அரசின் கோட்டை இருந்த இடம். உச்சிப் பாறையில் செதுக்கிய ஒற்றைப் பாதத்தில் கால் வைத்துத்தான் அரசர்கள் பதவியேற்றதாகக் கருதுகிறார்கள். இப்போது நாம் கால் வைப்பது தேய்மானத்துக்குப் பயந்து மேலே பொருத்திய நகலில், அசல் அதன் அடியில் இருக்கிறது. குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கில்மார்ட்டின் பள்ளத்தாக்கின் கல்வட்டங்களும் ஈமக் கற்குவியல்களும் சற்றுத் தள்ளித்தான். மழை பெய்தால் அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சில கோப்புகளில் 'வேலிக்கு அப்பால் போகாதீர்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் அங்கே பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். தடை எங்கே என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல், மரம் வெட்டும் இடம். ஆடு குட்டி போடும் வசந்தத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும், கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே போகக் கூடாது. இவ்வளவு எழுதினால் போதும், யாரும் மீற மாட்டார்கள்.

அடுத்த பருவத்துக்குக் கோப்பை மறுபடி அச்சிடும்போது, லாக் நெஸ் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பாதைகள் மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீடுகளில் தங்கிப்போகும் ஒரு விருந்தாளி