தெரிவுப் பட்டியலும் நிதியும்

பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் பட்டம் படிக்க ஒன்றிய அரசு வழங்கும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 2025-26-இல் தெரிவான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக உதவித்தொகைக் கடிதம் வழங்கப்பட்டு, மற்ற 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டண விலக்கும் மாத உதவியும் தாமே தருகின்றன. பிரிட்டனிலோ இடம் கிடைத்தாலும் நிதி தனியாகத் தேட வேண்டியதாகலாம். அங்கு மாணவர் விசாவுக்கு, அரசின் உதவித்தொகைக் கடிதம் இல்லாதவர்கள் பொதுவாக உரிய தொகையைத் தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டத்தில் இது எப்படிச் சாத்தியம்?

என் தங்கை மகள், கல்விக் கடனுக்கு வங்கி கேட்ட வீட்டுப் பத்திரம் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால், கிடைத்த ஆய்விடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தாள். எனவே, நிதி ஒதுக்கீட்டை உறுதிசெய்த பிறகே தெரிவுப் பட்டியலை வெளியிட்டு, உதவித்தொகைக் கடிதத்தையும் அதனுடனேயே சமூகநீதி அமைச்சகம் வழங்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்