பங்குனி வெயிலில் பீலி துப்புரவாக்கியவர்களுக்கு

கோப்பாய்,
ஆவணி.

எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கும், வாசிகசாலைப் பிள்ளைகளுக்கும், பட்டணத்திலிருந்து வந்த தீயணைப்புப் படையினருக்கும், கடல் கடந்து இருந்தும் எங்களுக்கு முதல் பதறிய உறவுகளுக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் நன்றி நவிலல் என்று அச்சில் ஏதாவது வந்தால், முதலில் படத்தைப் பார்த்து "ஆர் செத்தது?" என்றுதான் கேட்போம். 31 ஆம் நாளுக்குத்தானே அது வழமை. இந்த முறை, ஆடியில் வந்த நெருப்பில், ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடும் நிற்கிறது. விறகுக் கொட்டிலும் அதோடு ஒட்டியிருந்த கிடுகுப் பத்தியும்தான் போயின. அதனால் இதை நான் சந்தோஷமாகவே எழுதுகிறேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் எழுதிவிட வேண்டுமென்று இருந்தேன், தேரும் முடிந்துவிட்டது.

நடந்தது ஊருக்குத் தெரியும். வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வளவுக்குத் தென்மேற்கே ஆளில்லாத காணி ஒன்று. மாசிக்குப் பிறகு நல்ல மழை காணாத புல், இடுப்பளவுக்கு நின்றபடியே காய்ந்திருந்தது. அதற்கு அங்கால் ஆரோ குப்பைக்கு வைத்த நெருப்பு, ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்றான சோளகத்தோடு புல்லுக்குள் இறங்கிப் பனைகளைப் பிடித்துவிட்டது. காவோலை கழிக்காத பனை என்றால் வட்டுக்குக் கீழே அடுக்கடுக்காகக் காய்ந்த ஓலை தொங்கும். நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டால், எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் பறக்கத் தொடங்கிவிடும். அன்று நெருப்பு எங்கள் மதிலைத் தாண்டவில்லை. பொறிதான் தாண்டியது. வீட்டைக் கொளுத்தத் தாண்டின பொறியே போதும் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டோம்.

ஓட்டில் விழுகிற பொறி ஓட்டை எரிக்காது. காற்று தள்ள, சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். அது வந்து தங்குகிற இடம், கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடுகிற பீலி. பீலிக்குள் காய்ந்த வேப்பஞ்சருகு கிடந்தால் அங்கே பற்றிக்கொள்ளும். பீலிக்குப் பின்னால் கூரை விளிம்புப் பலகை. அதற்கு மேலே சிலாகை, கைமரம், எல்லாம் அந்தக் காலத்துப் பனை. எங்களுடையது பேரனார் கட்டிய நாற்சார் வீடு. வெளியே நாலு பக்கமும் பீலி, உள்முற்றத்தைச் சுற்றியும் பீலி. வெளியில் பற்றினால் ஓடிப்போய்த் தண்ணீர் அடிக்கலாம். உள்முற்றத்துப் பீலியில் பற்றினால் வீட்டின் நடுவில் நெருப்பு.

அன்று எங்கள் பீலிகளில் ஒரு சருகு இல்லை. இந்த மடல் முழுவதும் அதற்காகத்தான்.

முதல் நன்றி அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் என் பெறாமகனுக்கு. மாசிக் கடைசியில் எடுத்த போனில் சுகம் விசாரித்த கையோடு அவன் கேட்டது, "சின்னம்மா, பீலி துப்புரவாக்கினீங்களோ?" மழைக்கு இன்னும் கனநாள் கிடக்கிறதே தம்பி என்றேன். "மழைக்கில்லைச் சின்னம்மா, நெருப்புக்கு" என்றான்.

அவன் சொன்னவற்றை அப்படியே இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும். 2009 பெப்ரவரி 7 அன்று அவனுடைய மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், 2,000 க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அந்த நாளைக் கறுப்புச் சனி என்கிறார்கள். காட்டுத்தீயில் வீடு எரிவதென்றால் நாங்கள் பெரிய சுவாலை வந்து வீட்டை விழுங்குவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லையாம். தீக்கு முன்னால் பறந்து வருகிற பொறிகள் பீலியிலும் ஓட்டு இடுக்கிலும் வாசல் மிதியடியிலும் விழுந்து, புகைந்து, தீ கடந்து போன பிறகுகூட வீட்டைக் கொளுத்துகின்றன. அங்கே யூக்கலிப்டஸின் நார்ப்பட்டை எரிந்தபடி கிலோமீற்றர் கணக்கில் பறக்கும், எங்களுக்குக் காவோலை. கலிபோர்னியாவில் தீ அபாயமுள்ள இடங்களில் புது வீடு கட்டுவதென்றால், பீலியில் இலைகுப்பை சேராதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கட்டட விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். 2018 நவம்பரில் பரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் மாண்டதும் அந்த மாநிலத்தில்தான்.

யாழ்ப்பாணம் அவுஸ்திரேலியக் காடு இல்லை என்று ஒழுங்கையில் சிலர் சிரித்தார்கள். சரி, இல்லைத்தான். ஆனால் தை கழிந்தால் ஐப்பசி வரை எங்களுக்கு மழை அருமை. வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில். சித்திரையில் பூ. பிறகு காகம் போட்ட கொட்டை, அணில் கொண்டுவந்த தும்பு. வைகாசியில் சோளகம் எழும்பும்போது பீலி நிறையச் சுள்ளென்று காய்ந்த சருகு இருக்கும். நாங்கள் எல்லோரும் பீலியில் கை வைப்பது புரட்டாதியில், மாரிக்கு முதல். ஒழுகினால் தெரியும் என்பதால் அதை மறப்பதில்லை. இடையில் உள்ள அந்த வறண்ட மாதங்கள் முழுக்க விறகைக் கூரையில் அடுக்கி வைத்த மாதிரித்தான் இருந்திருக்கிறோம்.

அடுத்தது வாசிகசாலைப் பிள்ளைகள். பங்குனி வெயிலில், மழை இருட்டு ஒரு துளியும் இல்லாத வானத்துக்குக் கீழே, பீலி கிளற ஏணியில் ஏறச் சொன்னால் எந்தப் பிள்ளை வரும்? வந்தார்கள். "அக்கா, வெயில் ஏற முதல் முடிப்பம்" என்று விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். சிரட்டையால் அள்ளிக் கடகத்தில் போட்டு, கயிற்றில் இறக்கினார்கள். இரும்பு ஏணி வேண்டாம், மின்கம்பி கூரைக்குக் கிட்டப் போகிறது என்று சொல்லி மூங்கில் ஏணியை எங்கிருந்தோ கொண்டுவந்தது அவர்களுடைய யோசனை. பழைய ஓட்டில் கால் வைக்கவில்லை. பின்பக்கத்து அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறவே இல்லை. ஏணியை நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் வேலை நடந்தது. மேற்கு மூலையில் ஒரு புலிமுகச் சிலந்தி இருந்தது. அதைக் கண்டவர் ஏணியில் இருந்து இறங்கிய வேகத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் கையுறை போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

ஏணிக்குக் கீழே காலை முழுவதும் பிடித்துக்கொண்டு நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவுக்குத் தனி நன்றி. மேலே நிற்பவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

அள்ளிய சருகை எரிக்க நான் விடவில்லை. நெருப்புக்குப் பயந்து அள்ளியதை முற்றத்தில் குவித்துக் கொளுத்துவது என்ன நியாயம்? கிழக்குப் பக்கத்து வெங்காயத் தோட்டக்கார மாமா அத்தனையையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய்த் தன் தோட்டத்தில் தாட்டார். வேப்பஞ்சருகு என்றால் அவருக்குப் பொன். அவருக்கு நாங்கள் நன்றி சொல்ல, அவர் எங்களுக்கு நன்றி சொல்ல, அது முடியவில்லை.

மேசன் அண்ணை கூலிக்குத்தான் வந்தார். கூலியும் வாங்கினார், வாங்கத்தான் வேண்டும். ஆனால் சொல்லாத வேலை ஒன்றையும் செய்துவிட்டுப் போனார். பீலிக்கு மேலே ஓட்டு விளிம்பில் அணில் போய் வருகிற இடுக்குகள் இருந்தன. அவற்றை எல்லாம் சாந்து வைத்து அடைத்தார். பொறி உள்ளே போவதற்கும் அதுதான் வழி என்று பிறகு தீயணைப்புக்காரர் ஒருவர் காட்டித்தான் எனக்கு விளங்கியது. பீலியின் வாட்டத்தையும் சரி செய்தார். குசினிப் பக்கத்துப் பிளாஸ்ரிக் பீலியைக் கழற்றித் தகரப் பீலி போட்டவரும் அவரே. பிளாஸ்ரிக் மலிவு, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காது, மறுக்கவில்லை. ஆனால் சூடு பட்டால் இளகித் தொங்கிக் கீழே விழும். விழுந்த இடத்தில் எரியும். தகரம் நிற்கும். நின்றாலும் உள்ளே சருகு இருந்தால் அந்த நெருப்பைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதால், தகரம் போட்டோம் என்று துப்புரவை விட முடியாது. விறகுக் கொட்டில் எரிந்தபோது அந்தப் பக்கத்துத் தகரப் பீலி கறுத்து வளைந்தது, விழவில்லை. இப்போதும் அப்படியே இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

இனி நெருப்பு நாள்.

புகையைக் கண்டு முதலில் ஓடி வந்தவர்கள் பந்தடித்துக்கொண்டிருந்த அதே பிள்ளைகள். நெருப்பு அப்போது அடுத்த காணிக்கும் அங்கால் நின்றது. பெறாமகன் சொல்லித் தந்திருந்த ஒரு உபாயத்தை அவர்கள் மறக்கவில்லை: பீலியிலிருந்து தண்ணீர் இறங்குகிற குழாய் வாயை அடைத்துவிட்டுப் பீலியைத் தண்ணீரால் நிரப்புவது. விக்ரோறியாவில் தீயணைப்புத் துறையே சனத்துக்கு இதைச் சொல்கிறதாம். அடைக்கிறதற்கு ரென்னிஸ் பந்து நல்லதென்று அவன் சொன்னான். இவர்களிடம் ரென்னிஸ் பந்துக்கா பஞ்சம்? மீதி வாய்களுக்குப் பழஞ்சீலையை உருட்டிச் செருகினார்கள். மோட்டரைப் போட்டுக் குழாயால் நிரப்பிவிட்டு உடனே கீழே இறங்கிவிட்டார்கள். நெருப்பு கிட்ட வந்த பிறகு ஆரையும் ஏணியில் நிற்க நான் விடவில்லை. அதுவும் அவன் சொன்னதுதான். சருகு நிறைந்த பீலியில் இதைச் செய்திருக்கவே முடியாது. பங்குனியில் செய்த வேலை ஆடியில் உதவியது இப்படித்தான். பொறி வந்து பீலித் தண்ணீரில் விழுந்து சீறி அணைந்ததை முற்றத்தில் நின்றே கேட்டோம்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றுவிட்டது. மோட்டரும் நின்றது. அப்போது கை கொடுத்தது தெற்கு வளவு மாமி வீட்டுக் கப்பிக் கிணறு. எத்தனையோ பேர் மூடச் சொல்லியும் மாமி அந்தக் கப்பியைக் கழற்றவில்லை. பெண்கள் வரிசையாக நின்று வாளி கடத்தினார்கள். சாக்கை நனைத்தும் வேப்பங்குழை முறித்தும் மதிலோரத்துப் புல் நெருப்பை அடித்து அணைத்தவர்கள் இத்தனை பேர் என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. புகைக்குள் முகம் தெரியவில்லை. உங்களில் சிலரோடு எங்கள் குடும்பத்துக்குக் கதைபேச்சே இல்லை என்பது அடுத்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

தீயணைப்பு வண்டி ஒழுங்கைக்குள் நுழைய முடியவில்லை. குழாயை இழுத்துவர நேர்வழி மேற்கு வீட்டு அண்ணையின் வளவு. யாழ்ப்பாணத்தில் வேலியை ஒரு சாண் அசைத்தால் மூன்று தலைமுறைக்கு வழக்குப் பேசுவோம். அவர் கத்தியை எடுத்துத் தன் வேலியைத் தானே வெட்டித் திறந்துவிட்டார். அண்ணை, கதிகால் நட்டு அடைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. மழை தொடங்கியதும் கிளுவைத் தடியோடு வருகிறோம்.

படையினருக்கு நன்றி சொல்லும்போது நெருப்பை அணைத்ததை மட்டும் சொன்னால் போதாது. அணைத்த பிறகு அவர்கள் உடனே போகவில்லை. ஓட்டுக்குக் கீழே, முகட்டில், பீலி மூலைகளில் எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். "அம்மா, இரவைக்கும் ஒருக்கா ரெண்டுதரம் பாருங்கோ, உள்ளுக்குப் புகையும்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்கள். பிள்ளைகள் முறை வைத்து விடியும்வரை விழித்திருந்தார்கள். பிளேன்ரீயும் பணிசும் மட்டுமே எங்களால் கொடுக்க முடிந்தது.

கனடாவில் இருக்கும் அந்தக் காணிக்காரக் குடும்பத்துக்கும் நன்றி. செய்தி கேட்ட அன்றே வீடியோவில் வந்து அழுதார்கள். பற்றை வெட்டவும் காவோலை கழிக்கவும் காசு அனுப்பினார்கள். மரம் ஏறுகிற ஐயா ஒவ்வொரு பனையாக ஏறிக் கழித்துவிட்டார். எரியாமல் தப்பிய ஓலை நாலு வீட்டு வேலிக்குப் போய்விட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க்காணி வைத்திருக்கும் மற்றவர்களும் சித்திரைக்கு முதல் ஒருக்கால் புல்லை வெட்டுவித்தால் அயலவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள்.

நெருப்பு அணைந்த கையோடு பந்துகளையும் சீலைகளையும் எடுத்தாயிற்று, தண்ணீர் வடிந்துவிட்டது. பீலியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. 2007 ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டமும் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) ஐயா மாரியில் தவறாமல் எட்டிப் பார்ப்பார். இந்த முறை கூரைத் தண்ணீரைக் கிணற்றடித் தொட்டிக்கு விடுகிற எண்ணம். கரியும் சாம்பலும் இன்னும் ஓட்டில் கிடப்பதால் முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுத்தான் தொட்டிக்குத் திருப்புவோம்.

புரட்டாதி பிறந்ததும் மாரிக்கான துப்புரவைத் தபால்காரர் ஐயா வீட்டில் தொடங்கி ஒழுங்கை முழுவதும் செய்வதாகப் பிள்ளைகளோடு பேசியிருக்கிறோம். வயது போனவர்கள் தனியே இருக்கும் வீடுகள் முதலில். கடகமும் கையுறையும் எங்கள் செலவு. மூங்கில் ஏணி இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டு நிற்காமல் எடுங்கள். அடுத்தவருக்கும் தேவைப்படும் என்பதால் அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து வையுங்கள்.

நன்றியுடன்,
நாற்சார் வீட்டுக் குடும்பத்தார்